ரெண்டாம் மாடி, லிப்ட் கிடையாது, மூணு சைக்கிள்: எங்கதான் வைக்கிறது?

எல்லிஸ்நகர்க்காரி

வணக்கம். மதுரை எல்லிஸ் நகர்ல ரெண்டாவது மாடியில வாடகைக்கு இருக்கோம். பத்துக்குப் பதினாலு அடியில ஒரு ஹால், ஒரு படுக்கையறை, அடுப்படி, மூணரை அடி அகலத்துல பால்கனி. பால்கனியை வாஷிங் மெஷினும் துணிக்கொடியும் பிடிச்சுக்கிச்சு.

வீட்டுல மூணு சைக்கிள். வீட்டுக்காரரோட பழைய கறுப்பு வண்டி, 22 இஞ்ச் சட்டம், டபுள் ஸ்டாண்டு, கேரியர், செயின் கவர் எல்லாம் உண்டு. மகள் பிளஸ் ஒன்னுல வாங்குன விலையில்லா சைக்கிள். மகனோட கியர் சைக்கிள், 26 இஞ்ச் சக்கரம், தடி டயர்.

இம்புட்டு நாளும் கீழே மாடிப்படிக்கு அடியில நின்னுச்சு. இப்ப குடியிருப்புச் சங்கத்துல எல்லாத்தையும் எடுக்கச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. வீட்டு ஓனரோ சுவத்துல ஆணிகூட அடிக்கக் கூடாதுங்கிறார். சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தபந்தம் பூரா அழகர் ஆத்துல இறங்குறதைப் பார்க்க நம்ம வீட்டுக்குத்தான் வரும், ஹால்ல பாய் விரிக்க இடம் வேணும். ஆன்லைன்ல கொக்கி, கப்பி, கம்பம்னு என்னென்னமோ காட்டுது. எது உருப்படியா இருக்கும்னு வச்சிருக்கறவங்க சொல்லுங்க.

அதிகாலைமிதி

அக்கா, முதல்ல அளவைச் சொல்லிடுறேன். பெரியவங்க ஓட்டுற சைக்கிள் எதுவா இருந்தாலும் நீளம் 170, 180 சென்டிமீட்டர் வரும். உயரம் ஹேண்டில்பார் வரைக்கும் ஒரு மீட்டரோ கொஞ்சம் கூடவோ. அகலத்துலதான் வில்லங்கம். பழைய கறுப்பு வண்டிக்கு 55, 60. உங்க பையன் வண்டி மாதிரி தடி டயர் வண்டிக்கு 65-லருந்து 75 வரைக்கும் போகும். ஹேண்டில்பாரும் பெடலும் இல்லேன்னா சைக்கிள் ஒரு பலகை மாதிரி ஒல்லி.

சுவரோரமா நிறுத்தினா தரையில 175-க்கு 60 போயிடும். பின்சக்கரத்துல செங்குத்தா நிமிர்த்தி நிறுத்தினா 110-க்கு 60 போதும், ஆனா அறைக்குள்ள நீட்டிக்கிட்டு நிக்கும். சுவரோடு ஒட்டிப் படுக்கவாட்டுல உயரத்துல மாட்டினா தரை மிச்சம், கீழே ஷூ ரேக்கோ பீரோவோ வச்சுக்கலாம்.

நான் அண்ணா நகர்ல இதே அளவு வீட்டுல ரெண்டு வண்டி வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை அழகர் கோயில் வரைக்கும் போற வண்டி சுவத்துல தொங்குது. தினமும் கடைக்குப் போறது கதவுக்குப் பின்னாடி நிக்குது. உங்க வீட்டுல எது தினமும் வெளிய போகுது, எது சும்மா நிக்குதுன்னு சொல்லுங்க. அதைத் தெரியாம கொக்கியைப் பத்திப் பேசி பிரயோசனம் இல்ல.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

சுவரைப் பற்றிச் சொல்கிறேன். பிற்காலத்தில் யாராவது படித்தால் உதவும்.

தூண், உத்திரம் எழுப்பிக் கட்டிய அடுக்குமாடிகளில் வெளிச்சுவர் 9 அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம் என்பது பழைய வழக்கம். நாலரை அங்குலச் சுவரில் ஓட்டை போட்டு 20 கிலோ வண்டியைத் தொங்கவிடுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். எடை மட்டும் கணக்கில்லை, மாட்டும்போதும் எடுக்கும்போதும் கொடுக்கிற இழுப்புதான் பிளக்கை, அதாவது திருகைப் பிடிக்க ஓட்டைக்குள் செருகும் உறையை, தளர்த்துகிறது. செங்கல் சுவரானால் செங்கல்லின் நடுவில் துளை விழ வேண்டும், இரண்டு செங்கல்லுக்கு இடையிலுள்ள கலவையில் விழுந்தால் நாளாவட்டத்தில் பெயர்ந்து வரும். ஹாலோ பிளாக் சுவர் என்றால் உள்ளே வெற்றிடம், சாதாரண நைலான் பிளக் பிடிக்கவே பிடிக்காது. புதுக் கட்டடங்களில் வரும் எடை குறைந்த வெள்ளை பிளாக்குக்கு அதற்கென்று உள்ள பிளக்தான் வேண்டும்.

நம்பிக்கையான இடம் கான்கிரீட் தூண். தட்டிப் பார்த்தாலே சத்தத்தில் தெரியும். 8 அல்லது 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட் போட்டால் சைக்கிள் அதற்கு ஒரு பாரமே இல்லை. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடாதீர்கள், வயர் பைப் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் ஓடும். தளத்தில், அதாவது சீலிங்கில், அறவே வேண்டாம். உள்ளே மின்சார பைப் எங்கே வளைகிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அம்மாவின் வீட்டு ஓனர் ஓட்டையே கூடாது என்கிறார் என்பதால் இது அவருக்குப் பொருந்தாது.

வடக்குமாசி

நாங்க மாசி வீதிக்கு உள்ள பழைய வீடு. மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மர உத்திரத்து மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டினது, தேக்கு உத்திரம். ஹால்ல ஊஞ்சல் கொக்கி நாலு இருக்கு, ஊஞ்சல் எப்பவோ போயிருச்சு. ரெண்டு கொக்கியில கப்பி மாட்டி நைலான் கயிறு விட்டு சைக்கிளை மேல ஏத்திட்டோம். ஒரு ஆள் இழுத்தா போதும். கீழ சாப்பாட்டு மேசை. வர்றவங்க எல்லாரும் அண்ணாந்து பார்த்துட்டுத்தான் உட்காருவாய்ங்க.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

வடக்குமாசி தம்பி, ஊஞ்சல் கொக்கி பல பேர் உட்கார்ந்து ஆடத் தாங்கியது, சைக்கிளைத் தாங்கும். ஆனால் உத்திரம் சுவரில் உட்காரும் முனையைக் கம்பியால் குத்திப் பாருங்கள். கரையானும் ஓதமும் முதலில் அங்கேதான் வரும். கயிறைக் கட்டுகிற இடத்தில் ஒரு முடிச்சை மட்டும் நம்பாமல் சங்கிலி ஒன்றும் போட்டு வையுங்கள். சாப்பிடுகிறவர் தலைக்கு மேல் தொங்குகிறது.

வெல்டிங்பட்டறை_செல்லூர்

ஓட்டை போடக் கூடாதுன்னா சாய்வு ஸ்டாண்டு ஒன்னுதான் வழி. ஆன்லைன்ல "கிராவிட்டி ஸ்டாண்டு"னு வர்றது அதுதான். ஒரு கம்பம், அடியில கால், மேல்முனை சுவத்துல சாஞ்சு நிக்கும், ரப்பர் புஷ் வச்சா பெயின்ட்கூட உரியாது. வண்டியோட பாரமே அதைச் சுவத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். நம்ம ஊர்ல எந்த கிரில் பட்டறையிலயும் அடிச்சுத் தருவாய்ங்க.

ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் டியூப், ரெண்டு எம்எம் கனம் போதும். மீட்டருக்கு ரெண்டேகால் கிலோ நிக்கும். கம்பம், கால், வண்டி தாங்குற கை எல்லாம் சேர்த்து பதினஞ்சு பதினாறு அடி வரும், ஆக பதினொரு கிலோகிட்ட இரும்பு. அன்னிக்கு இரும்பு விலை, கூலி, பெயின்ட், அவ்வளவுதான் கணக்கு. டியூப் இருபது அடி நீளத்துலதான் வரும், மிச்சத்தையும் கேட்டு வாங்கிக்கங்க, துணிக்கொடிக்கு ஆகும்.

கீழ கனமான வண்டி தரையிலயே நிக்கட்டும், அதுக்கு மேல கையில கனம் குறைஞ்ச வண்டி தொங்கட்டும். ஒரு வண்டி இடத்துல ரெண்டு.

லேடீஸ் சைக்கிளை மேல மாட்டணும்னா அதுக்கு மேல் பார் கிடையாது. சீட் கம்பத்துக்கும் ஹேண்டில் தண்டுக்கும் நடுவுல ஒரு தற்காலிகக் குறுக்குக் கம்பி மாட்டித்தான் தொங்கவிடணும்.

திருநகர்_டீச்சர்

எல்லாரும் கொக்கி, கம்பம், தூண் என்று பேசுகிறீர்கள். வண்டியை ரெண்டு மாடி யார் தூக்கப் போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லையே.

நான் அரசுப் பள்ளி ஆசிரியை. ஒவ்வொரு வருஷமும் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் வரும்போது பக்கத்தில் நின்று பார்க்கிறேன். அது லேசான வண்டி இல்லை. கேரியர், கூடை, ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு பதினாறு வயசுப் பெண் சமதரையில் ஸ்டாண்டு போடவே மூச்சு வாங்குவாள். அதிலும் பெண்கள் வண்டியில் மேல் பார் கிடையாது, தோளில் மாட்ட முடியாது. ஒரு கையால் சீட்டுக்கு அடியிலும் இன்னொரு கையால் ஹேண்டிலிலும் பிடித்து, பெடல் முழங்காலில் இடிக்க இடிக்க ஏறணும். காலையில் இறக்கணும், ஸ்கூல் விட்டு ஏத்தணும், டியூஷனுக்கு மறுபடி இறக்கணும். ஒரு வாரம் செய்வாள். அப்புறம் "அம்மா நான் பஸ்லயே போறேன்" என்பாள். அதோடு அந்த சைக்கிள் ஹாலில் துணி காயப்போடுகிற இடமாகிவிடும். எங்கள் தெருவிலேயே அப்படி நிற்கிற வண்டிகள் இருக்கின்றன.

எல்லிஸ்நகர்க்காரி, உங்கள் வீட்டில் தினமும் சைக்கிள் எடுக்கிறது மகள்தானே?

எல்லிஸ்நகர்க்காரி

ஆமா டீச்சர். அவதான் தினமும் எடுக்கிறா, ஸ்கூலுக்கும் டியூஷனுக்கும். மகன் லீவு நாள்ல மட்டும். அவரோட வண்டி பழங்காநத்தம் வரைக்கும் எப்பவாவது போகும், காத்து இறங்கித்தான் நிக்கும். அவரும் வேலைக்குப் போயிருவார், அப்ப தூக்கணும்னா நானும் மகளும்தான். நேத்து ஒரு தடவை தூக்கிப் பார்த்தோம். முதல் மாடித் திருப்பத்துல மாட்டிக்கிச்சு.

அதிகாலைமிதி

திருப்பத்துக்கு ஒரு வழி இருக்கு. மாடிப்படி அகலம் மூணு அடின்னா, ஆறடி நீள வண்டியைப் படுக்கவாட்டுல திருப்ப முடியாது. பின் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு முன்சக்கரத்தை மேல தூக்கி, வண்டியைப் பின்சக்கரத்துல நிமிர்த்தி நிறுத்தணும், அப்படியே திருப்பணும். லிப்ட் இருக்கற வீட்டுலயும் இதே வித்தைதான். ஆறு பேர் லிப்ட்டுன்னா உள்பக்கம் 110-க்கு 100 சென்டிமீட்டர்தான் இருக்கும். நேரா உருட்டிப் போனா போகாது, நிமிர்த்தினா மூலைக்கு மூலை போயிரும், ஒரு ஆளும் கூட நிக்கலாம்.

டீச்சர் சொன்னது நியாயம். என் வண்டி 11 கிலோ, அதான் தோள்ல போட்டுக்கிட்டு ஏறிடறேன்.

வெல்டிங்பட்டறை_செல்லூர்

படியோரமா சேனல், அதாவது சக்கரம் ஓடுற இரும்புத் தடம், போட்டுக் குடுக்கலாமே. சுவரோரம் யு-சேனல் பதிச்சா வண்டியைத் தூக்க வேணாம், சக்கரத்தை அதுல விட்டு உருட்டிக்கிட்டே ஏறலாம். சில ரயில்வே மேம்பாலப் படியில பார்த்திருப்பீங்க. பழைய வண்டி டயருக்கு ரெண்டு இஞ்ச் சேனல் போதும், தடி டயருக்கு ரெண்டரை வேணும்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

நல்ல யோசனை, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். படி உயரம் ஆறரை அங்குலம், அகலம் பத்து அங்குலம் என்றால் சரிவு 33 டிகிரி. 20 கிலோ வண்டியை அதில் தள்ள 11 கிலோ விசை வேண்டும். தூக்குவதில் பாதிதான், உண்மை. இறங்கும்போது அதே விசையில் வண்டி முன்னால் இழுக்கும், பிரேக் பிடித்துக்கொண்டே வரணும். ரயில்வே மேம்பாலத்தில் சரிவு இதைவிடக் குறைவாக வைப்பார்கள். இன்னொன்று, மூன்றடிப் படியில் சேனல் மூன்று அங்குலம் தின்றுவிடும், இருட்டில் வயசானவர் கால் அதில் இடறும். சங்கம் ஒப்புக்கொள்ளாது, நானும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கேகேநகர்_சங்கம்

நான் வேறொரு குடியிருப்பில் சங்கச் செயலாளர். எல்லாரும் சங்கத்தைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை. மாடிப்படிக்கு அடியில்தான் பெரும்பாலான வீடுகளில் மீட்டர் போர்டும் மோட்டார் சுவிட்சும் இருக்கும். அங்கே தீப்பிடித்தால் புகை முழுவதும் படி வழியாகத்தான் மேலே ஏறும், மேல்மாடியில் இருப்பவர்கள் இறங்குவதற்கும் அதே படிதான். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-ம் வெளியேறும் வழியில் தடை இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. டயரும் சீட்டும் ரப்பர், ஸ்பாஞ்சு. சைக்கிள் மட்டுமா, அதைப் பார்த்து ஒருத்தர் பழைய மெத்தையைக் கொண்டுவந்து போடுவார், இன்னொருத்தர் பெயின்ட் டப்பா. எங்களுக்கு அந்த அனுபவம் உண்டு.

காரில்லாதவன்

ஐயா, மாடிப்படி அடியில வேணாம், ஒத்துக்கறோம். அப்ப எங்கன்னு சொல்லுங்க. அதை மட்டும் எந்த நோட்டீஸ்லயும் எழுத மாட்டேங்கிறாய்ங்க!

ஒரு கார் நிறுத்துற இடம் ரெண்டரை மீட்டருக்கு அஞ்சு மீட்டர். அதுல அறுபது சென்டிமீட்டர் இடைவெளியில எட்டு சைக்கிள் நிறுத்தி, நடக்கவும் வழி விடலாம். ஒன்னு விட்டு ஒன்னு ஹேண்டில் மேலயும் கீழயுமா வர்ற மாதிரி ஸ்டாண்டு போட்டா பத்தைத் தாண்டும். எங்க குடியிருப்புல உறை போட்டு மூடின ஒரு கார் வருஷக்கணக்கா நிக்குது, டயர்ல செடி மொளைச்சிருச்சு. அதுக்கு நோட்டீஸ் இல்ல. பள்ளிக்கூடம் போற பிள்ளைகளோட எட்டு சைக்கிளுக்கு மட்டும் நோட்டீஸ்.

கேகேநகர்_சங்கம்

கார் இடம் என்பது கிரயப் பத்திரத்தோடு வாங்கியது. அதை எடுத்துக்கொள்ள எங்களுக்கு அதிகாரம் இல்லை.

காரில்லாதவன்

அதுலயும் பேச்சு இருக்கு. 2010-ல உச்ச நீதிமன்றம் ஒரு மும்பை வழக்குல, தூண்களுக்கு நடுவுல இருக்கற ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனிச் சொத்தா விற்க பில்டருக்கு உரிமை இல்லைன்னு சொல்லியிருக்கு.

கேகேநகர்_சங்கம்

அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு. இங்கே நமக்குத் தனிச் சட்டம், முன்பு 1994-ல் வந்தது, இப்போது 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம். பொது இடம் எல்லா உரிமையாளருக்கும் பொது, யாரும் பிரித்துக் கேட்க முடியாது. அதனால்தான் சொல்கிறேன், ஒருவர் தன் சைக்கிளுக்கு இடம் கேட்டால் கிடைக்காது. "பொதுவில் ஒரு சைக்கிள் ஸ்டாண்டு" என்று தீர்மானமாகக் கொண்டுவாருங்கள், பொதுக்குழுவில் வைத்துத்தான் ஆகணும். வாடகைதாரர் நேரடியாக வருவதைவிட வீட்டு ஓனரிடம் ஒரு கடிதம் வாங்கி வந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். ஓட்டு அவருக்குத்தானே.

இடத்தையும் நீங்களே காட்டுங்கள். இருசக்கர வாகனம் நிற்கும் வரிசையின் கடைசியில் எப்போதும் ஒரு முக்கோண மூலை வீணாகக் கிடக்கும், தூணுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில். பைக் திரும்பாது, சைக்கிள் திரும்பும். கட்டடத்தைச் சுற்றியுள்ள காலி இடத்தை மட்டும் கேட்காதீர்கள், அது தீயணைப்புக்கும் காற்றுக்கும் விட்டது.

மூணாந்தலைமுறை_சைக்கிள்கடை

இவ்வளவு நேரம் கடையில கூட்டம், இப்பத்தான் பார்க்கிறேன். சட்டம் எனக்குத் தெரியாது, வண்டி தெரியும்.

உள்ள வைக்கிற வண்டிக்கு ஹேண்டிலைத் திருப்பி வைங்க. கியர் வண்டியா இருந்தா ஸ்டெம்முக்கு (ஹேண்டிலைத் தாங்குற கட்டை) பின்னாடி, போர்க்கை (முன்சக்கரத்தைப் பிடிக்கிற கவை) பிடிக்கிற ரெண்டு ஆலன் போல்ட்டை மட்டும் தளர்த்துங்க, மேல மூடியில இருக்கறதைத் தொடாதீங்க. ஹேண்டில் சக்கரத்தோட ஒரே வரிசைக்கு வந்துரும். பழைய வண்டின்னா தண்டு மேல இருக்கற ஒத்தை போல்ட்டை நாலு சுத்து தளர்த்தி, மரக்கட்டை வச்சு ஒரு தட்டு தட்டினா உள்ள இருக்கற ஆப்பு விடும். திரும்ப ஓட்டறதுக்கு முன்னாடி நேர் பண்ணி இறுக்கணும், முன்சக்கரத்தை ரெண்டு காலுக்கு நடுவுல பிடிச்சு ஹேண்டிலைத் திருகிப் பாருங்க, அசையக் கூடாது. தினமும் ஓட்டற வண்டிக்கு இந்த வேலை வேணாம், போல்ட் மரை போயிரும்.

பெடலையும் கழட்டினா இன்னும் ஒல்லி. 15 நம்பர் ஸ்பானர். வலது பெடல் எல்லா மரையும் போல இடஞ்சுழியா கழலும். இடது பெடல் மரை நேர்மாறு, வலஞ்சுழியாச் சுத்தினாத்தான் கழலும். தெரியாம பலம் பிடிச்சு, பெடல் மாட்டுற கிராங்க்கை நாசம் பண்ணிட்டு வர்றவங்கதான் ஜாஸ்தி. மடக்குப் பெடலும் வருது, கழட்டவே வேணாம்.

சக்கரத்துல கொக்கி மாட்டித் தொங்கவிட்டா ரிம் கோணுமான்னு கேப்பாய்ங்க. கோணாது. நீங்க ஏறி உட்கார்ந்தப்பவே கோணாத ரிம், அது வெயிட்டுக்கா கோணும்? ஆயில் பிரேக் வண்டியைத் தலைகீழாவோ செங்குத்தாவோ ரொம்ப நாள் விட்டா லீவர்ல காத்துக் குமிழ் ஏறி, பிடிச்சா மெத்துன்னு போகும். இறக்கி நிறுத்தி, நாலஞ்சு தடவை லீவரை அழுத்திட்டு ஓட்டிப் பாருங்க.

காத்து இல்லாம நிறுத்தாதீங்க. ரிம்முக்கும் தரைக்கும் நடுவுல டயர் நசுங்கி பக்கவாட்டுல வெடிச்சுப் போயிரும். பால்கனியில மேற்கு வெயில் அடிச்சா அங்க வேணவே வேணாம், நம்ம ஊர் சித்திரை வெயிலுக்கு ரெண்டு கோடையில டயர் பாளம் பாளமா விரிஞ்சிரும். புறா வேற. எச்சம் பட்டு பெயின்ட் போன வண்டி என் கடைக்கு நிறைய வருது.

திருநகர்_டீச்சர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து வந்த வண்டியை வீட்டுக்குள் வைப்பது பற்றியும் சொல்லுங்கள் தம்பி. எங்கள் வீட்டில் அம்மா செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுவார்கள்.

மூணாந்தலைமுறை_சைக்கிள்கடை

அம்மாகிட்ட தலைக்கு மட்டும் வச்சுக்கச் சொல்லுங்க டீச்சர். தேங்காய் எண்ணெய் நாள்பட பிசுபிசுன்னு ஆகி மண்ணைப் பிடிச்சுக்கும், குளிர்ல உறையவும் செய்யும். பழைய பனியன் துணியில செயினைத் துடைச்சிட்டு, தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, அப்புறம் மேல வழியறதைத் துடைச்சிரணும். வீட்டுக்குள்ள வைக்கிற வண்டிக்கு எண்ணெய் கம்மியா இருந்தாத்தான் சுவரும் சேலையும் தப்பிக்கும். அடியில கோணிச்சாக்கு வேணாம், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். ரப்பர் மேட்டுதான் லாயக்கு.

ஆண்டாள்புரம்_பேட்டரி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். என்கிட்ட இ-சைக்கிள் இருக்கு. அதையும் இப்படி ஹால்ல வச்சு சார்ஜ் போடலாமா?

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

பேட்டரி கழற்றும் வகையானால் வண்டியைக் கீழே விட்டுவிட்டு பேட்டரியை மட்டும் மேலே கொண்டுபோங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் பேட்டரி பற்றிக்கொண்டால் நீங்கள் வெளியேற அந்தக் கதவுதான் வழி. தூங்கும்போதும் போடாதீர்கள். கம்பெனி கொடுத்த சார்ஜர் தவிர வேறு எதுவும் வேண்டாம். வெயிலில் ஓட்டி வந்த உடனே மாட்டாமல் சூடு ஆறவிடுங்கள். மற்றதற்குத் தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேசணும்.

வடக்குமாசி

மடக்கு சைக்கிள் வாங்கிட்டா ஒரு தொல்லையும் இல்லையே?

அதிகாலைமிதி

மடக்கினா 80-க்கு 60-க்கு 35 சென்டிமீட்டர், கட்டிலுக்கு அடியிலகூட சில வீட்டுல போகும். ஆனா அதுவும் 12, 13 கிலோ இருக்கும். புதுசா வாங்கறவங்களுக்குச் சரி. கவர்மென்ட் குடுத்த வண்டி வாசல்ல நிக்கும்போது அந்தப் பிள்ளைக்கு எதுக்கு இன்னொன்னு?

எல்லிஸ்நகர்க்காரி

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்கு நிலவரம் சொல்றேன்.

டீச்சர் கேட்ட கேள்வியை அப்படியே வீட்டுல கேட்டேன். அவர் வண்டி சோழவந்தானுக்குக் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருச்சு. அங்கிட்டு வயக்காட்டுக்குப் போக அவங்களுக்கு வேணுமாம், வாழைத்தார் ஏத்திட்டு வந்த குட்டி யானை லோடு வண்டி திரும்பிப் போகையில ஏத்தி விட்டோம். அவருக்கு மனசே இல்ல, ஏத்துறப்ப கயிறை அவரேதான் கட்டினார், வேற யாரையும் கட்ட விடல.

வீட்டு ஓனர்கிட்ட கடிதம் வாங்கி, கேகேநகர் சார் சொன்ன மாதிரி தனக்குன்னு கேக்காம, கீழ சைக்கிள் வச்சிருந்த மத்த நாலு வீட்டம்மாவையும் சேர்த்துக்கிட்டு சங்கத்துல பேசினோம். தண்ணித்தொட்டிக்கும் கடைசித் தூணுக்கும் நடுவுல ஒரு மூலை இருக்கு. அதுல பள்ளிக்கூடப் பிள்ளைகளோட சைக்கிள் மட்டும் நிக்கலாம்னு ஒத்துக்கிட்டாங்க. ஓடாத வண்டியைக் கொண்டுவந்து போட்டா எடுத்திருவோம்னு நிபந்தனை. நல்ல நிபந்தனைதான். தரையில இரும்பு வளையம் ஒன்னு பதிச்சு, சட்டத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டச் சொல்லியிருக்கேன். எல்லாம் ஒரே மாதிரி வண்டியா இருக்கறதால மகள் அவ வண்டி மட்காடுல நகப்பூச்சு வச்சு அடையாளம் போட்டுக்கிட்டா.

மகன் வண்டிதான் மேல வருது. அவனே தூக்கிட்டு வந்திடறான், லீவு நாள்ல மட்டுந்தானே. பட்டறை அண்ணே, அவனுக்கு அந்தச் சாய்வு ஸ்டாண்டு ஒன்னு வேணும். ஒரு வண்டிக்கு மட்டும். அளவு சொன்னீங்கன்னா இங்க பக்கத்துலயே அடிச்சுக்குவேன். திருவிழாவுக்குக் கீழ ஆள் படுக்கணும், அதையும் கணக்குல வச்சுக்கங்க.

வெல்டிங்பட்டறை_செல்லூர்

எழுதிக்கங்க தங்கச்சி.

கம்பம் ஏழடி. அடிக்கால் சுவரோரமா குறுக்க ரெண்டரை அடி, அதுலருந்து முன்னால ரெண்டு கால் நீட்டம் இருபது இஞ்ச். கம்பத்தோட அடி சுவத்துலருந்து மூணு இஞ்ச் தள்ளி நிக்கணும், மேல்முனை சாயணும். வண்டி தாங்குற கை ரெண்டும் பதினஞ்சு இஞ்ச், நுனி மேல வளைஞ்சு இருக்கட்டும். ஹேண்டிலைத் திருப்பி வைக்கிறதா இருந்தா கை பத்து இஞ்ச் போதும். கையில பழைய சைக்கிள் டியூப்பைச் சுத்திருங்க, சட்டத்துப் பெயின்ட் தேயாது. டியூப் வாய் பூராத்தையும் மூடியால அடைக்கச் சொல்லுங்க, இல்லேன்னா பல்லி குடியேறும்.

கை உயரம் ஆறடியில வச்சா வண்டியோட சக்கரம் தரையிலருந்து மூணரை அடி மேல நிக்கும். அடியில ஆள் தாராளமாப் படுக்கலாம், தலை வச்சுப் படுக்காம கால் நீட்டிப் படுக்கச் சொல்லுங்க.

எல்லிஸ்நகர்க்காரி

மாமியார்தான் அங்க படுப்பாங்க அண்ணே. அவங்க எந்தப் பக்கம் தலை வைக்கணும்னு நான் சொல்ல முடியாது. முன்காலை ரெண்டு அடியா ஆக்கிடறேன்.

வெல்டிங்பட்டறை_செல்லூர்

ஆக்கிக்கங்க. கம்பத்தோட மேல்முனைக்கு ஜன்னல் கிரில்லுலருந்து ஒரு சங்கிலியும் மாட்டிருங்க.